1080

தென்னாப்பிரிக்கப் புல்வெளிகளில் மழைக்கு முன்பு எல்லாம் காய்ந்து கிடக்கும்போது கிஃப்பிளார் என்ற குற்றுச்செடி மட்டும் பச்சையாகத் துளிர்த்திருக்கும். ஆசைப்பட்டு மேய்ந்த மாடு, தண்ணீர் குடித்த கொஞ்ச நேரத்தில் சுருண்டு விழும். அந்தச் செடிக்குள் இருந்தது ஃப்ளூரோஅசிட்டேட் என்ற நஞ்சு என்று 1940-களில் மராய்ஸ் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் போர்க்கால எலிக்கொல்லிப் பஞ்சம். சோதனைக்கு வந்த வேதிப்பொருள்களில் ஃப்ளூரோஅசிட்டேட்டின் சோடியம் உப்புக்குக் கிடைத்த வரிசை எண் 1080. எண்ணே பெயராகிவிட்டது.

மணமில்லாத வெள்ளைத் தூள். உடம்புக்குள் போனதும் உருமாறி, உயிரணு ஆற்றல் எடுக்கும் சுழற்சியையே நிறுத்திவிடும். நாய் இனத்துக்குத் துளியளவு போதும். நம்பத்தக்க மாற்று மருந்து இன்றும் இல்லை.

நாய்க்கு ஆகாது என்றால் அதன் உறவுக்காரனுக்கும் ஆகாது. ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிப்போகும் கொயோட்டுக்காக, மேற்கு அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் 1080 ஏற்றிய குதிரை இறைச்சியை வைத்தார்கள். ஆடு வளர்ப்பவரின் நட்டம் பொய்யல்ல. ஆனால் இறைச்சியைத் தின்ன வருவது கொயோட் மட்டுமா? தவிர, கூட்டம் குறைந்தால் எஞ்சிய கொயோட்டுகள் அதிகக் குட்டி போடும். 1964-இல் ஸ்டார்க்கர் லியோபோல்ட் குழுவும் 1971-இல் ஸ்டான்லி கெயின் குழுவும் அரசின் இந்தக் கொலைத்திட்டத்தைக் கடுமையாக விமரிசித்தன. 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் கூட்டரசு நிலங்களில் இந்த நஞ்சைத் தடுத்து ஆணையிட்டார். 1985-இல் ஆட்டின் கழுத்தில் கட்டும் நஞ்சுப்பட்டையாக மட்டும் திரும்பி வந்தது. கொயோட் குரல்வளையைக் கடித்தால் பட்டை கிழியும். இத்தனைக்கும் நடுவில் கொயோட் அட்லாண்டிக் கரை வரை பரவிவிட்டது. அமெரிக்காவில் 1080 தோற்றது என்பதே என் கட்சி.

நியூசிலாந்தில் கதை தலைகீழ். வௌவாலைத் தவிர அந்த மண்ணுக்குச் சொந்தமான நிலப் பாலூட்டி கிடையாது. 1837-இல் மென்மயிர்த் தோலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து பாஸம் என்ற பைப்பாலூட்டியைக் கொண்டுவந்தார்கள். முயல் பெருகியதென்று 1880-களில் ஸ்டோட் என்ற மரநாய்க் குடும்பத்துச் சிறு விலங்கை இறக்கினார்கள். எலி கப்பலில் தானாக வந்தது. தரையில் திரியும் கிவிப் பறவையும் மரப்பொந்தில் முட்டையிடும் காக்காவும் (அங்கே அது ஒரு கிளி) இவற்றுக்குத் தீனியாயின. பீச் மரங்கள் அளவுக்கு மீறி விதை உதிர்க்கும் ஆண்டில் எலி பெருகும். எலியைத் தின்று ஸ்டோட் பெருகும். எலி தீர்ந்ததும் ஸ்டோட் பறவைக் கூடுகளுக்குத் திரும்பும்.

ஆகவே ஹெலிகாப்டரிலிருந்து 1080 கலந்து பச்சை நிறமேற்றிய தானிய உருண்டைகளைத் தூவுகிறார்கள். ஸ்டோட் தானியம் தின்னாது. நஞ்சுண்ட எலியைத் தின்று சாகும். செத்ததைத் தின்னும் விலங்கும் சாவது அமெரிக்காவில் குற்றச்சாட்டு. இங்கே அதுவே பயன். கியா கிளிகளும் சாகின்றன, மான்களும் சாகின்றன, வேட்டைக்காரர்களின் நாய்களும் சாகின்றன. எதிர்ப்பவர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. எனினும் 2011-இல் நாடாளுமன்றச் சுற்றுச்சூழல் ஆணையர் ஜான் ரைட், 1080-ஐ நிறுத்த வேண்டாம், இன்னும் அதிகமாகவே பயன்படுத்தலாம் என்று அறிக்கை தந்தார். கிவிக் குஞ்சுக்கு வேறு காவல் பெரிய காடுகளில் இன்னும் கிடைக்காதபோது நானும் அவர் பக்கம்தான்.

மேற்கு ஆஸ்திரேலியாவிலோ இந்த நஞ்சு ஊருக்குப் புதிதல்ல. கேஸ்ட்ரோலோபியம் செடிகளில் அது இயற்கையாகவே உண்டு. அவற்றோடு வளர்ந்த உள்ளூர் விலங்குகள் பலவற்றுக்குத் தாங்கும் திறன் வந்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த நரிக்கு இல்லை. 1080 வைத்து நரியைக் கொன்றதும் வாய்லி என்ற சிறு பைப்பாலூட்டி மீண்டது. 1996-இல் ஆபத்துப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். சில ஆண்டுகளில் அது மறுபடி மளமளவெனச் சரிந்தது. நரி விட்டுப்போன இடத்தைக் காட்டுப்பூனை பிடித்துக்கொண்டது என்ற ஐயம் வலுவானது. இப்போது பூனைக்கென்று தனியாகத் தொத்திறைச்சி வடிவில் நஞ்சுத் தீனி செய்கிறார்கள். அதற்குள் வைப்பதும் 1080 தான்.