பசியற்ற உளநோய்: மருத்துவ வரலாறு

உடல் பருத்துவிடும் என்ற அச்சத்தால் ஒருவர் உணவைக் குறைத்து, உயிருக்கு ஆபத்தாகும் அளவு மெலிவது பசியற்ற உளநோய் ஆகும். மருத்துவத்தில் இது அனோரெக்சியா நெர்வோசா எனப்படுகிறது. பெயர் பொருத்தமற்றது, பலருக்குப் பசி இருக்கும், அதை அடக்கிக்கொள்வர்.

1689 இல் இலண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மோர்ட்டன், காய்ச்சலோ இருமலோ இன்றி எலும்பும் தோலுமான 18 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார். மனக்கவலையே காரணம் என அவர் கருதினார். மருந்துகளில் சலிப்புற்று அவற்றைக் கைவிட்ட அப்பெண் இறந்துபோனாள்.

1873 இல் இலண்டனில் வில்லியம் கல், பாரிசில் சார்லசு லாசேக் ஆகிய இருவரும் தனித்தனியே இந்நோயை விவரித்தனர். இன்றைய பெயர் கல் வைத்தது. நோயாளியின் விருப்பத்துக்கு விடாமல் குறித்த நேரங்களில் உணவூட்ட வேண்டும் என்ற அவர், உறவினரே மிக மோசமான பராமரிப்பாளர் என்றார். வீட்டாரின் கெஞ்சலும் மிரட்டலும் பிடிவாதத்தை வளர்ப்பதை லாசேக்கும் கண்டார். சார்க்கோ இன்னும் கடுமையானவர். ஒரு சிறுமியின் பெற்றோரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார். போனதாக நடித்தாலும் போதுமாம்!

1914 இல் ஆம்பர்க்கின் மொரிசு சிம்மண்ட்சு, பிட்யூட்டரி சுரப்பி அழிந்து மெலிந்த நோயாளியை விவரித்தபின் குழப்பம் நேர்ந்தது. உளநோயாளிகள் பலருக்குச் சுரப்பிச் சாறுகள் தரப்பட்டன.

விலக்கப்பட்ட பெற்றோர் 1980களில் இலண்டன் மோட்சுலி மருத்துவமனையில் சிகிச்சைக்குள் அழைக்கப்பட்டனர். குற்றம் சுமத்தாமல், பிள்ளையின் உணவுப் பொறுப்பை முதலில் அவர்களிடமே தந்தனர். 18 வயதுக்குள் நோய் தொடங்கி மூன்றாண்டு கடவாதவர்களுக்கு இம்முறை தனிநபர் சிகிச்சையைவிட நற்பயன் தந்ததாக செரால்டு ரசல் குழுவினர் 1987 இல் அறிவித்தனர்.