செல்லும் காசும் செல்லாக் காசும்

மைசூரில் குடியிருக்கும் நமக்குப் பணத்தோடு ஒரு தனி உறவு உண்டு. ஹெப்பாளில் என் மளிகைக் கடைக்குப் பக்கத்து ஊர் மேட்டகள்ளி. அங்கேதான் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்த நோட்டு அச்சகம் 1996 முதல் நடந்து வருகிறது. நாடெங்கும் புழங்கும் நோட்டுகளில் பெரும் பங்கு நம் வீட்டுக் கொல்லையில் அச்சாகிறது என்று விருந்தாளிகளிடம் நாம் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம். நாணயங்கள் மட்டும் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களின் நாணயச் சாலைகளிலிருந்து வருகின்றன.

இப்படிப் பணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வியாபாரம் செய்யும் எளியேன், 2017ஆம் ஆண்டு ஒரு தவறு செய்தேன். ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு வயதான அம்மா, துவரம்பருப்பும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு, முந்தானை முடிச்சிலிருந்து பன்னிரண்டு பத்து ரூபாய் நாணயங்களை எடுத்து வைத்தார். "இது ஓடாதும்மா, நோட்டா குடுங்க" என்றேன். "ஊர்ல பஸ்லயும் வாங்கலை தம்பி. நீங்களும் வாங்கலைன்னா நான் இதை எங்க கொண்டுபோய்க் குடுப்பேன்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பருப்பை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். மொத்த வியாபாரி என்னிடம் வாங்க மாட்டேன் என்கிறார், நான் மட்டும் எப்படி வாங்குவது என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் இரவு வரை நிற்கவில்லை. பழைய காசு போய்ப் புதுக் காசு வரும்போதெல்லாம் மக்கள் என்ன செய்தார்கள் என்று அன்று தேடத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரைக்கு வித்து.

ஐதர் அலி மாற்றாமல் விட்ட உரு

தேடலை நம் மைசூரிலிருந்தே தொடங்கலாம். கண்டீரவ நரசராஜ உடையார் (1638–1659) நரசிம்மர் உருவம் பொறித்த சின்னஞ்சிறு பொற்பணங்களை வெளியிட்டார். கண்டீராயி பணம் என்று பெயர் பெற்ற அது, அவர் காலத்துக்குப் பின்னும் நெடுநாள் மக்கள் கையில் ஓடியது. பத்துப் பணம் சேர்ந்தால் ஒரு கண்டீராய வராகன். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வராகன் நாணயமாக அடிக்கப்படவே இல்லை. கணக்குப் புத்தகத்தில் மட்டும் வாழ்ந்த நாணயம் அது! ஆனாலும் கொடுக்கல் வாங்கல் அதன் பேரிலேயே நடந்தது.

1763இல் ஐதர் அலி பெதனூரைப் பிடித்தார். அது இக்கேரி நாயக்கர்களின் தலைநகரம். அவர்களுடைய வராகனில் சிவனும் பார்வதியும் அமர்ந்திருப்பார்கள். ஐதர் தம் பெயரில் வராகன் அடித்தபோது அந்தத் தெய்வ உருவத்தை எடுக்கவில்லை. முன்பக்கம் சிவன் பார்வதி அப்படியே இருக்க, பின்பக்கத்தில் தம் பெயரின் முதலெழுத்தை மட்டும் பாரசீக எழுத்தில் பொறித்தார். ஒரு முஸ்லிம் மன்னர் இப்படிச் செய்ததை மதப் பொறை என்று மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. வியாபாரியின் கண்ணுக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. சந்தையில் நம்பிக்கை பெற்ற முகத்தை மாற்றினால், முதலில் குறைவது அந்த நாணயத்தின் செலாவணிதான். இது ஐதருக்குத் தெரிந்திருந்தது.

அவர் மகன் திப்பு சுல்தான் வேறு வழியில் போனார். பொன்னிலும் வெள்ளியிலும் உருவங்கள் போய்ப் பாரசீக எழுத்துகள் வந்தன. காசுகளுக்குப் புதுப்பெயர்கள், புது ஆண்டுக் கணக்கு எல்லாம் வந்தன. வேலைப்பாட்டில் அவை மிக அழகானவை; இன்று நாணயம் சேகரிப்போர் தேடி வாங்குகிறார்கள். ஆனால் ஏழை எளியவர் கையில் புழங்கிய செப்புக் காசில் மட்டும் யானையை அவர் விடவில்லை. 1799க்குப் பிறகு மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில் வராகனில் சிவன் பார்வதி திரும்பவும் வந்தார்கள். செப்புக் காசில் யானை தொடர்ந்து நின்றது. ஆட்சி மூன்று முறை மாறியும் யானை மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்நாளில் ஊருக்கு ஊர் வேறு நாணயம். ஓர் ஊர்ப் பணத்தை இன்னோர் ஊரில் கொடுத்தால் சராப்புக் கடைக்காரர் அதற்கு 'வட்டம்' பிடித்துக்கொண்டுதான் மாற்றித் தருவார். பெரிய வணிகர் அந்த வட்டத்தை விலையில் ஏற்றிவிடுவார். கூலிக்காரருக்கு அது நேராக வயிற்றில் விழும் அடி. காசு மாறும்போது நட்டம் எப்போதும் மேலிருந்து கீழே இறங்கி, சிறிய கையில் போய் நின்றுவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த மாற்றத்துக்கு வருவோம்.

நயா பைசா வந்த நாள்

1957 ஏப்ரல் 1. அன்றுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்பிடி. அன்றிலிருந்து ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா. இதற்கான சட்டத் திருத்தம் 1955இலேயே நிறைவேறிவிட்டது. வந்தவாசியில் என் தந்தையார் கடையில் மாற்றுப் பட்டியல் ஒன்றை அட்டையில் ஒட்டித் தொங்கவிட்டிருந்தாராம். நான் பிறக்கும் முன் நடந்ததென்றாலும், அவர் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சிக்கல் எங்கே வந்தது? நூறைப் பதினாறால் வகுத்தால் ஆறேகால். ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. ஆனால் கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. எனவே அணாவுக்கு 6 பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று வைத்தார்கள். காலணாவுக்குக் கணக்குப்படி ஒன்றரைக்குச் சற்று மேல். அதை 2 பைசா ஆக்கினார்கள்.

இப்போது நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே தடவையில் ஒரு ரூபாய்க்குச் சாமான் வாங்குபவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஓரணா ஓரணாவாகப் பதினாறு தடவை விற்ற கடைக்காரருக்குக் கிடைப்பது 96 பைசா. நாலு பைசா நட்டம். அதைத் தவிர்க்க அவர் 7 பைசா கேட்டால் வாங்குபவர் கொடுப்பது 112. காலணாவுக்கு வெற்றிலையும் காலணாவுக்கு உப்பும் என்று அறுபத்து நாலு தடவை வாங்குபவர் பட்டியல்படியே கொடுத்தாலும் 128 பைசா ஆகிறது! மொத்தமாக வாங்க வசதி உள்ளவருக்குப் பழைய விலை. அன்றாடம் காய்ச்சிக்கு விலையேற்றம். "கவர்மெண்டு கணக்குல தப்பில்ல, ஆனா கஷ்டம் யாருக்குன்னு பாரு" என்பார் தந்தையார். அன்று மக்கள் முணுமுணுத்தது அறியாமையால் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் கணக்கு சரியாகவே இருந்தது.

இன்னொரு தொல்லை உருவம். பழைய அரையணாவும் இரண்டணாவும் சதுரம். புதிய ஐந்து பைசாவும் சதுரம். பழைய ஓரணா விளிம்பு வளைந்து வளைந்து பூப்போல் இருக்கும். புதிய இரண்டு பைசாவும் பத்துப் பைசாவும் அப்படியே. பழையதும் புதியதும் ஒரே கல்லாவில் கலந்து கிடந்தன. நம்மவர்கள் காசை எழுத்துப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்லர். ஆங்கிலேயர் கால ஓரணாவில் இந்தி, உருது, வங்காளம், தெலுங்கு நான்கிலும் மதிப்பு எழுதியிருந்தது, தமிழ் இல்லை. நயா பைசாவிலும் இந்திதான். ஆகவே நம் பாட்டிமார் விரலால் தடவித்தான் காசை அறிந்தார்கள். உருவம் குழம்பினால் அவர்கள் படிப்பே குழம்பிவிட்டது என்று பொருள்.

இருந்தாலும் நாளடைவில் எல்லாம் பழகிப்போயிற்று. 1964 ஜூன் 1இல் 'நயா' என்ற அடைமொழியே நீங்கிப் பைசா ஆயிற்று. ஆனால் பழைய சொல் போகவில்லை. இருபத்தைந்து பைசா நமக்கு நாலணாவாகவே இருந்தது, ஐம்பது பைசா எட்டணா. இங்கே கன்னடக்காரரும் 'எண்டாணெ' என்றுதான் சொல்வார்கள். 2011 ஜூன் 30இல் நாலணா நாணயம் செல்லாததாகிய பிறகும் 'நாலணாவுக்குப் பெறாது' என்கிறோம் அல்லவா?

பதினொரு பக்கம் போய் வட்டம் வந்தது

இனி நாமெல்லாம் நேரில் கண்ட கதை. 1990களில் புழங்கிய இரண்டு ரூபாய் நாணயத்துக்குப் பதினொரு பக்கங்கள், தொட்டவுடன் தெரியும். 2005ஆம் ஆண்டு பொறித்த புது நாணயம் துருப்பிடிக்கா எஃகில், முழு வட்டமாக வந்தது. விட்டம் 26.75 மில்லிமீட்டர். ஒரு ரூபாயின் விட்டம் 25. வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. உலோகமும் ஒன்றே, நிறமும் ஒன்றே.

அதன்மேல் ஒன்றையொன்று வெட்டும் கோடுகளும் நான்கு புள்ளிகளும் இருந்தன. வேற்றுமையில் ஒற்றுமையைக் காட்டும் உரு என்று விளக்கம் தரப்பட்டது. சிலுவைபோல் இருக்கிறதே என்று சிலர் எதிர்த்தார்கள். அரசியல் மேடை வரை போயிற்று. அந்தச் சத்தத்தில் இன்னொரு குரல் அமுங்கிப்போனது. பார்வையற்றவர்கள், "எங்களுக்கு ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் ஒன்றாகத் தெரிகிறது" என்றார்கள். எது முக்கியமான குறை என்று நீங்களே சொல்லுங்கள். கோடு சிலுவையா இல்லையா என்பது கண்ணுள்ளவர்களின் சண்டை. இரண்டு ரூபாயை ஒரு ரூபாய் என்று கொடுத்து ஏமாறுவது கண்ணில்லாதவரின் நட்டம்.

2007இல் அந்த உரு மாறி, கை முத்திரை வந்தது. ஒரு ரூபாயில் கட்டைவிரல், இரண்டு ரூபாயில் இரண்டு விரல். படிக்காதவரும் எண்ணிக்கொள்ளலாம். ஆனால் வட்டம் வட்டமாகவே இருந்தது. 2011இல் ₹ குறியோடு புது வரிசை வந்தபோது அளவு இன்னும் சுருங்கிற்று. இந்தக் குறியை வடிவமைத்த உதயகுமார் நம் தமிழர் என்பதில் நமக்குப் பெருமைதான். ஆனால் புது இரண்டு ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். பழைய ஒரு ரூபாயும் அதே 25, அதே 4.85! என் கல்லாவில் இரண்டையும் பிரிக்க மூக்குக்கண்ணாடி இல்லாமல் எனக்கே முடியவில்லை.

2019 மார்ச்சில் வெளியான வரிசையில்தான் பார்வைக் குறைவுள்ளவர்களை எண்ணி அளவும் எடையும் வகுத்தார்கள். இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம் வைத்தார்கள். பதினொரு பக்கத்தை எடுத்தபோது எழுந்த குறைக்கு, ஒரு மாமாங்கம் கழித்துக் கிடைத்த பதில் இது.

பத்துக் கோடும் பதினைந்து கோடும்

பத்து ரூபாய் நாணயத்தின் கதை இதற்கு நேர்மாறு. இங்கே நாணயத்தில் குறை இல்லை, குறை நம்மிடம். 2009இல் அது புழக்கத்துக்கு வந்தது. வெளி வளையம் மஞ்சள், நடு வெள்ளை. ஒரு வகையில் பதினைந்து கோடுகள், 2011க்குப் பின் வந்த வகையில் ₹ குறியோடு பத்துக் கோடுகள். பத்துக் கோடுதான் அசல், பதினைந்து கோடு கள்ளக் காசு என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பிறகு எல்லாமே செல்லாது என்றாயிற்று. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் பஸ்ஸிலும் கடையிலும் வாங்க மறுத்தார்கள். இங்கேயும் அந்தக் காற்று வீசியது.

ரிசர்வ் வங்கி 2016 நவம்பரிலும் 2018 ஜனவரியிலும் விளக்கம் வெளியிட்டது. அதுவரை வந்தவை 14 வடிவங்கள், எல்லாமே செல்லும் என்று இரண்டாவது அறிவிப்பு தெளிவாகச் சொன்னது. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஆயிரம் ரூபாய்த் தொகை வரை சட்டப்படி செல்லும். ஐம்பது பைசா பத்து ரூபாய் வரை செல்லும். இதைத் தெரிந்துகொண்டபோது அந்த அம்மாவின் பன்னிரண்டு நாணயங்கள் என் நினைவில் வந்து கனத்தன.

எங்கள் சமண மரபில் இல்லறத்தார்க்குக் கள்ளாமை ஒரு விரதம். அதற்குக் குற்றமாகும் ஐந்து செயல்களைத் தத்துவார்த்த சூத்திரம் சொல்கிறது. குறைந்த படியும் மிகுந்த படியும் வைத்து ஏமாற்றுவது ஒன்று. போலியை அசலென்று தள்ளிவிடுவது இன்னொன்று. போலியை அசல் என்பது குற்றமானால், அசலைப் போலி என்று தள்ளியது மட்டும் எப்படிக் குற்றமில்லாமல் போகும்? அவர் கையிலிருந்த 120 ரூபாயை நான் எடுக்கவில்லைதான். ஆனால் ஒரு வார்த்தையில் அதை ஒன்றுமில்லாததாக்கிவிட்டேன்.

நமக்கான பாடம்

புதுக் காசு வரும்போது எழும் எதிர்ப்பு எல்லாம் ஒரே வகை அல்ல என்பதுதான் எளியேன் கண்டது. கையில் பட்ட நட்டத்தையும் விரலுக்குத் தெரிந்த குழப்பத்தையும் சொல்வது ஒரு வகை. 1957இல் காலணாக்காரரும், வட்ட இரண்டு ரூபாயைத் தடவிப் பார்த்த பார்வையற்றவரும் சொன்னது அது. அதை அரசு காதுகொடுத்துக் கேட்டே ஆகவேண்டும். எவரோ சொன்னார் என்று பக்கத்துக் கடை மறுக்க, நாமும் மறுப்பது இன்னொரு வகை. அதில் நட்டப்படுகிறவர் நம் எதிரே முந்தானை முடிச்சோடு நிற்பவர்தான்.

தமிழில் நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் நேர்மை. நாணயச் சாலை முதலாவதை அடித்துத் தரும். இரண்டாவதைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் தரவேண்டும். அந்த அம்மா அதன்பின் என் கடைக்கு வரவில்லை. இப்போது யார் எந்தக் காசைக் கொடுத்தாலும், செல்லுபடியாவது என்றால் எண்ணி வாங்கிக் கல்லாவில் போடுகிறேன். ஊருக்குப் போகும்போது நீங்களும் பத்து ரூபாய் நாணயத்தைத் தயங்காமல் வாங்குங்கள், தயங்காமல் கொடுங்கள். நாலு கை வாங்கினால் ஐந்தாவது கை தானாக நீளும்.