பழைய வீடும் புதிய மின்சாரமும்

நம் முன்னோர் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் பனைவெல்லமும் சேர்த்துச் சுவர்களுக்குப் பூசினர். அச்சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகும். இறுகிய பின்னும் நுண்துளைகள் வழியே சுவரின் ஈரத்தை வெளியேற்றும். கடலோர ஊர்களின் பழைய வீடுகள் தலைமுறைகளைக் கடந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1824ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்த சிமெண்ட், இருபதாம் நூற்றாண்டில் சுண்ணாம்பின் இடத்தைப் பிடித்தது. புதுக் கட்டடங்களுக்கு அது நன்மையே. ஆயின், பழைய சுவரில் அதைப் பூசினால், நிலத்திலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. உப்புப் பூத்து, செங்கல் பொடிந்து, பூச்சும் பெயர்கிறது. ஓதத்தை மறைக்கப் பூசியதே ஓதத்தை வளர்க்கிறது!

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கான் சூரிய மின்கலத்தை அறிமுகம் செய்தது. அன்று அது சூரிய ஒளியில் சுமார் 6 விழுக்காட்டையே மின்சாரமாக்கியது. இன்றைய தகடுகளில் பல 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. இந்திய அரசு 2024இல் தொடங்கிய திட்டத்தில் வீடுகளுக்கு ரூ.78,000 வரை மானியம் அறிவிக்கப்பட்டது.

மானியத்தை எண்ணி அவசரப்படுதல் கூடாது. மர உத்திரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட பழைய தளத்தில் துளையிட்டால், மழைநீர் இறங்கி உத்திரம் உளுத்துவிடும். எனவே முதலில் ஒழுக்கை அடைத்து, சிமெண்ட் பூச்சை அகற்றிச் சுண்ணாம்பு பூசி, சுவரை உலரவிட வேண்டும். பின்னர் தளத்தின் வலிமையைப் பொறியாளரிடம் காட்டி, அதன் பிறகே தகடுகளை ஏற்றுதல் வேண்டும். இவ்வரிசை மாறினால், மிச்சமாகும் மின்கட்டணத்தை விடப் பெரிய இழப்பு வீட்டுக்கே நேரும்.