கை தந்த உத்தியோகம்

வேலூர்க் கோட்டையைச் சுற்றியுள்ள பிரதேசத்தில் அமெரிக்கர்கள் நூறு வருஷங்களுக்கு மேலாக வாழ்ந்து வந்திருக்கிறார்கள். 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் ஸ்தாபித்த அமெரிக்க ஆற்காட்டு மிஷன் ஜில்லாவெங்கும் பள்ளிக்கூடங்களைத் திறந்தது. அக்குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைக் கட்டிலுடன் ஆரம்பித்த வைத்தியசாலைக்கு இன்று வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் நோயாளிகள் ரயிலேறி வருகிறார்கள். கல்வியைக் கொடுத்தார்கள், மருந்தைக் கொடுத்தார்கள், வேதத்தையும் கொடுத்தார்கள். ஆயினும் அவர்கள் தேசத்தார் உயிரினும் இனியதாகப் போற்றும் பேஸ்பால் மட்டும் பாலாற்றங்கரையில் வேர் பிடிக்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ. பரப்பிய வாலிபால் குக்கிராமம் வரையில் போய்ச் சேர்ந்திருக்க, பேஸ்பாலுக்கு ஏன் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை என்று நான் யோசித்ததுண்டு. என் அபிப்பிராயத்தில் காரணம் எளியது: சென்னை ராஜதானியில் வியாபாரக் கம்பெனிகளின் உத்தியோகம் இங்கிலீஷ்காரர் கையில் இருந்தது, அவர்கள் ஆடியது கிரிக்கெட்.

பந்தைப் பற்றிப் பேசும்போது தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று நீளும் இந்தத் தோல் நாட்டில் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி மயிர் நீங்கிய தோல், ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் கிடந்து பதமாகி, சென்னைப் பெரியமேட்டு மண்டிகளை அடைந்து, அங்கிருந்து கப்பலேறி லண்டன் நகரத்து ஏலங்களில் விலை போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற இங்கிலீஷ்காரர் சென்னையில் குரோம் பதனீட்டைப் பரீட்சித்துப் பார்த்த பிறகு, அந்த முறையும் காலக்கிரமத்தில் இங்கே வந்து சேர்ந்தது. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு நீரால் பாலாறு பட்ட பாடு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது தனிக் கதை. இத்தனை தோல் விளைந்தும், கிரிக்கெட் பந்துக்குப் பேர் போன ஊர்கள் வடக்கே மீரட்டும் ஜலந்தரும்தான். பந்துக்குரிய தோல் படிகாரத்தில் பதமாகி விறைப்பாக நிற்க வேண்டும். காலுக்கு இதமாக வளைந்து கொடுக்கும் பூட்ஸுத் தோலுக்கு அது நேர் விரோதமான குணம்.

ஆம்பூர்த் தோல் வந்திறங்கிய பெரியமேட்டிலிருந்து அதிக தூரமில்லாத சேப்பாக்கம் மைதானத்தில், பந்து வீசும் கையைக் கொண்டே ஜீவனோபாயத்தைச் சம்பாதித்துக்கொண்ட ஒரு தமிழர் புகழ் பெற்றார். செங்கற்பட்டு ஜில்லா மொறப்பாக்கத்தில் 1909இல் பிறந்த எம். ஜே. கோபாலனே அவர். கேம்பிரிட்ஜிலும் கெண்ட்டிலும் ஆடிப் பழகிய சி. பி. ஜான்ஸ்டன் என்ற துரை சென்னையில் பர்மா ஷெல் கம்பெனியில் அதிகாரியாக இருந்தார். அவர் இந்த இளைஞரின் வேகத்தைக் கண்ணுற்று, தம் கம்பெனியிலேயே அவருக்கு ஒரு வேலையும் பண்ணி வைத்தார். பந்து வீசியதற்குக் கூலியில்லை. எண்ணெய்க் கம்பெனி வேலைக்குத்தான் சம்பளம். ஆனால் அந்த நாற்காலி கிடைத்தது கையின் வேகத்தால் என்பதை அறியாதவர் யார்? நம் நாட்டில் 'புரொபஷனல்' என்ற சொல் வெகுகாலம் இப்படித்தான் முக்காடிட்டுக்கொண்டு நடமாடியது.

1930இல் ஐரோப்பியரும் இந்தியரும் மோதும் ராஜதானிப் பந்தயத்தில் இந்தியர் தரப்பில் பிரவேசித்த கோபாலன், அந்தப் பருவத்திலேயே விஜயநகரம் மகாராஜகுமாரர் திரட்டி வந்த கோஷ்டிக்கு எதிராக ஆடி, உலகப் பிரசித்தி பெற்ற ஜாக் ஹாப்ஸை வீழ்த்தினார்; லெக் ஸ்டம்புக்கு நேராக விழுந்த பந்து வெளியே திரும்பி ஆஃப் ஸ்டம்பைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் ஆடியதுதான் அவருடைய ஒரே டெஸ்ட். அதே வருஷம் நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதியபோது, ரஞ்சிக் கோப்பையின் சரித்திரத்தில் முதல் பந்தை வீசும் பெருமையும் அவரையே சார்ந்தது. அன்றைய பொழுது சாய்வதற்குள் ஆட்டமே முடிந்து சென்னை வென்றது, ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வாரிக்கொண்டார்.

கோபாலன் ஹாக்கியிலும் சூரர். 1935இல் தியான் சந்த் இருந்த இந்தியக் கோஷ்டியோடு நியூஸிலாந்து போய் வந்தவர். மறு வருஷம் பெர்லின் ஒலிம்பிக்ஸா, இங்கிலாந்து கிரிக்கெட் யாத்திரையா என்ற தர்மசங்கடம் வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்து கப்பலேறினார். அங்கே ஒரு டெஸ்டிலும் அவருக்கு இடமில்லை. ஹாக்கிக்காரர்களோ தங்கப் பதக்கத்தோடு ஊர் திரும்பினார்கள். தொழிலாக ஆடுகிறவன் லாப நஷ்டக் கணக்குப் பார்த்திருப்பான். கோபாலன் மனம் போன வழியே போனார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கணக்குப் பார்த்தே ஆக வேண்டிய நிலையில் இருந்தவன் பேஸ்பாலில் பந்தெறியும் அமெரிக்கப் பிட்சர். 1869இல் சின்சினாட்டிக் கோஷ்டி பகிரங்கமாகச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது முதல் அங்கே பந்தெறிவது ஒரு தொழில். 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் நிற்பவனை நோக்கித் தோளும் முழங்கையும் நோவெடுக்க எறிகிறவனுக்குக் காசு உண்டு, சுதந்திரம் வெகுகாலம் இல்லை. பெரியமேட்டில் தோல் கைமாறுவது போலக் கிளப்பு அவனை இன்னொரு கிளப்புக்கு விற்க முடிந்தது, அவனாக விலக முடியவில்லை. மெஸ்ஸர்ஸ்மித், மெக்நாலி என்ற இரண்டு பிட்சர்கள் வழக்காடி 1975இல்தான் அந்தத் தளையை அறுத்தார்கள்.

அந்தத் தொழிலுக்கு நம் நாட்டிலிருந்தும் இருவர் போனார்கள். 2008இல் நடந்த ஒரு பந்தெறியும் போட்டியில் தேறிய உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கிளப்பில் ஒப்பந்தமானார்கள். அதற்கு முன் ஈட்டி எறிந்து பழகியவர்களேயொழிய பேஸ்பாலைத் தொட்டறியாதவர்கள். இவர்கள் கதை 2014இல் ஏ. ஆர். ரகுமான் இசையோடு சினிமாவாகவும் வந்தது. சினிமா சுபமாக முடிந்துவிட்டது. ரிங்குவின் முழங்கையோ சத்திரசிகிச்சைக்கு ஆளாகி, அவர் கடைசியில் மல்யுத்த மேடைக்குப் போய்ச் சேர்ந்தார்.

கோபாலன் பெயரால் 1950களில் தொடங்கிய கோப்பைக்காகச் சென்னையும் இலங்கையும் பல வருஷங்கள் ஆடின; அவர் 2003இல் காலமானார். பதினான்கு வருஷம் கழித்து, சேலத்தை அடுத்த சின்னப்பம்பட்டி விசைத்தறித் தொழிலாளியின் மகன் நடராஜனை ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். அவர் ஆடிப் பழகியது டென்னிஸ் பந்தில். ஆம்பூரில் தோல் ஷாப்பு மதிலோரம் சாயங்கால வேளையில் ஆடும் பையன்கள் கையில் இருப்பதும் அந்த ரப்பர்ப் பந்துதான். மதிலுக்கு அந்தப்புறம் மலைபோல் அடுக்கிக் கிடக்கிறது தோல்.