பொன்னியின் செல்வனும் கடாரத்து விகாரமும்

1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' நாவலைக் கெடாத் தோட்டப்புறங்களில் நாம் கைமாறிக் கைமாறித் தேய்ந்த படிகளில் படித்தோம். தஞ்சையும் பழையாறையும் எங்கோ உள்ள கதைநிலங்கள் என்றே எண்ணினோம். மணிரத்னத்தின் இரு திரைப்படங்கள் 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்தபின் இளையோர் மூலநூலைத் தேடி வருவது மகிழ்ச்சியே. ஆயினும் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தைப் பற்றி எவரும் நம்மிடம் வினவுவதில்லை.

காய்ச்சலுற்ற அருள்மொழிவர்மர் மறைந்து தங்கும் அந்தப் பௌத்தப் பள்ளி கடாரத்தாரின் கொடையாகும். கடாரத்து அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் அதனை எடுப்பித்தான் என்கிறது ஆனைமங்கலச் செப்பேடு. (சூளாமணியும் சூடாமணியும் ஒரே சொல்லின் இரு வடிவங்களே.) அதற்கு இராசராசர் ஊர்க்கொடை அளித்தது அவரது 21ஆம் ஆட்சியாண்டில். செப்பேட்டின்படி, நாவல் நிகழும் சுந்தர சோழர் காலத்தில் அவ்விகாரம் எழுந்திருக்க வழியில்லை. கல்கி காலத்தை முன்னிழுத்துக் கொண்டார். புனைவாசிரியருக்கு அவ்வுரிமை உண்டு. வகுப்பறையில் அதனைச் சொல்லாமல் விடுவதுதான் பிழை.

கடாரத்தைத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டா. பீடோங்கை அடுத்த சுங்கை பத்துவில் பண்டை இரும்புருக்கு உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. மெர்போக்கில் புஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் உள்ளது. நம் மாணவர் கடாரம் என்றதும் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பையே சொல்வர். தந்தையின் கொடையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவரும் அப்படையை அனுப்பிய இராசேந்திரரே.