புரூ மக்கள் ஏன் திரும்பவில்லை? இரண்டு ஒப்பந்தங்கள் சொல்லும் வரலாறு

1997 அக்டோபரில் மிசோரமின் மேற்குப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 30,000 புரூ மக்கள் வடக்குத் திரிபுராவில் தஞ்சம் புகுந்தனர். காஞ்சன்பூர், பானிசாகர் வட்டாரங்களின் முகாம்களில் அவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தனர். அக்காலம் முழுவதும் அரசுகள் முன்வைத்த தீர்வு ஒன்றே: அவர்கள் மிசோரமுக்குத் திரும்ப வேண்டும். பெரும்பாலோர் திரும்பவில்லை. இனமோதலால் நீண்டகாலம் இடம்பெயர்ந்து வாழ்வோர் தாயகம் திரும்புவது எப்போது சாத்தியமாகும் என்பதை ஆராய்வோர் இந்த வரலாற்றைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டும்.

இம்மக்கள் தம்மைப் 'புரூ' என்கின்றனர். திரிபுராவின் பழங்குடிப் பட்டியலில் அவர்கள் 'ரியாங்'. மிசோக்கள் வழங்கும் பெயர் 'துய்குக்'. அவர்களது மொழி கொக்பொரோக்கிற்கு நெருங்கியது. மிசோ மொழியோ திபெத்திய-பர்மியக் குடும்பத்தின் குக்கி-சின் கிளையைச் சேர்ந்தது. இவர்களை 'அகதிகள்' என்று செய்திகள் குறிப்பிட்டாலும், 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின்படி நாட்டின் எல்லையைக் கடந்தவரே அகதி. புரூ மக்கள் கடந்தது மாநில எல்லையை மட்டுமே. அவர்கள் உள்நாட்டில் இடம்பெயர்ந்த இந்தியக் குடிமக்கள். நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கும் உரிமையை அரசியலமைப்பு குடிமக்களுக்கு வழங்குகிறது. ஆயினும் அவர்கள் எங்கே வாழலாம் என்பது இருபது ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தைப் பொருளாகவே இருந்தது.

மோதலின் வேர் அரசியல் சார்ந்தது. 1966இல் தொடங்கிய மிசோ கிளர்ச்சி 1986 உடன்பாட்டில் முடிவுற்று, 1987இல் மிசோரம் தனி மாநிலமாயிற்று. அம்மாநிலத்தில் லாய், மாரா, சக்மா மக்களுக்குத் தன்னாட்சி மாவட்ட மன்றங்கள் இருந்தன. புரூ மக்களுக்கு இல்லை. 1990களில் புரூ மக்கள் மண்ணின் மைந்தர் அல்லர் என்றும், அவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்றும் மிசோ அமைப்புகள் கோரின. 1997 செப்டம்பரில் புரூ அரசியல் அமைப்பு தன்னாட்சி மன்றம் வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. இருபதாண்டுப் போராட்டத்தின் பின் கிடைத்த சிறு மாநிலம் மேலும் துண்டாடப்படும் என்ற அச்சம் மிசோக்களுக்கு எழுந்தது. அடுத்த மாதம் டம்பா புலிகள் காப்பகத்தில் மிசோ வனக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதும் வன்முறை மூண்டது. புரூ ஊர்கள் எரிந்தன.

2005இல் புரூ ஆயுதக் குழுவுடன் மிசோரம் அரசு உடன்பாடு கண்டது. 2009 நவம்பரில் முதல் திரும்புகை தொடங்கவிருந்த வேளையில் மிசோ இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். பதிலடியாகப் புரூ வீடுகள் கொளுத்தப்பட, திரும்ப வேண்டியோர் முகாமில் காத்திருக்கையிலேயே மேலும் பலர் புதிதாக ஓடிவந்தனர். 2010க்குப் பின் திரும்புகை கட்டங்கட்டமாக நடந்தது. 2014 வரை திரும்பியவை 1,622 குடும்பங்கள். முகாமில் நாளொன்றுக்கு வயதுவந்தோர்க்கு 600 கிராம் அரிசியும் 5 ரூபாயும் வழங்கப்பட்டன. முகாமிலேயே பிறந்த குழந்தைகள் அங்கேயே வளர்ந்து பெற்றோரும் ஆயினர்.

இனி, இரண்டு ஒப்பந்தங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2018 ஜூலை 3இல் கையெழுத்தான ஒப்பந்தம் 5,407 குடும்பங்களை மிசோரமுக்கு அனுப்பத் திட்டமிட்டது. குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, வீடு கட்ட 1.5 லட்சம், இரண்டாண்டுகளுக்கு மாதம் 5,000 ரூபாயும் இலவச உணவுப் பொருளும் என உறுதியளித்தது. அதன்படி திரும்பியவை 328 குடும்பங்கள் மட்டுமே. 2019 அக்டோபரில் முகாம்களுக்கான உணவுப் பொருள் நிறுத்தப்பட்டது. பெரும்பாலோர் அப்போதும் புறப்படவில்லை; சாலை மறியலில் இறங்கினர். 2020 ஜனவரி 16இல் புதிய ஒப்பந்தம் வந்தது. வைப்புத்தொகை, வீட்டுநிதி, மாத உதவி, உணவுப் பொருள் ஆகியவற்றின் அளவு அதே. வேறுபட்டது இடம்: திரிபுராவிலேயே 40க்கு 30 அடி மனையும், அம்மாநில வாக்காளர் பட்டியலில் பெயரும். இதனைப் புரூ மக்கள் ஏற்றனர்.

தொகை மாறாமல் இடம் மாறியபோது முடிவும் மாறியது. ஆகவே அவர்களைத் தடுத்தது உதவித்தொகையின் போதாமை என்று கொள்ள இயலாது. தாம் வெளியேறக் காரணமான நிலைமைகள் மாறியுள்ளனவா என்பதே அவர்களின் கேள்வி. எனவேதான் தன்னாட்சி மன்றம், ஒரே தொகுதியாகக் குடியமர்வு, நிலம், பாதுகாப்பு ஆகியவற்றை அவர்கள் மீண்டும் மீண்டும் கோரினர். அதற்கு ஒப்பந்தங்கள் ரூபாய்க் கணக்கிலும் காலக்கெடுவிலும் விடையளித்தன. உள்நாட்டு இடப்பெயர்வு குறித்த ஐ.நா.வின் 1998ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், பாதுகாப்போடும் மாண்போடும் தாமே விரும்பித் திரும்புவதையும் வேறிடத்தில் குடியமர்வதையும் இணையான தெரிவுகளாக வைக்கின்றன. புரூ மக்களுக்கு இரண்டாம் தெரிவு கிட்ட 22 ஆண்டுகள் ஆயின.

எனினும் 2020 ஒப்பந்தத்தை முழு வெற்றியாகக் கொண்டாடுவதற்கில்லை. ஜூம் சாகுபடியில் மலைச்சரிவுகளை மாற்றி மாற்றிப் பயிரிட்ட சமூகத்திற்குக் கிடைத்தது 1,200 சதுர அடி வீட்டுமனை. குடியமர்வை எதிர்த்து 2020 நவம்பரில் பானிசாகரில் எழுந்த போராட்டத்தில் இருவர் உயிரிழந்தனர். இடம்பெயர்ந்தோரை ஏற்கும் ஊருக்கும் அச்சங்கள் உண்டு என்பதை அது காட்டியது. எல்லாவற்றிற்கும் மேலாக, மிசோரமில் சிறுபான்மைப் பழங்குடியின் அரசியல் இடம் எது என்ற 1997ஆம் ஆண்டுக் கேள்விக்கு இந்த ஒப்பந்தம் விடை காணவில்லை. கேட்டவர்களை வேறு மாநிலத்தில் குடியமர்த்தியது. அங்கேயே தங்கியவர்களும் முன்னரே திரும்பியவர்களுமான புரூ மக்கள் இன்றும் அக்கேள்வியோடுதான் மிசோரமில் வாழ்கின்றனர்.