கரண்டியும் தழும்பும்

கரு கலைந்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் 'கழுவி விட்டாங்க' என்று சொல்வது நம்மூர் வழக்கு. நர்ஸம்மா 'க்ளீன் பண்ணியாச்சு' என்பார். சீட்டில் 'டி அண்ட் சி' என்றிருக்கும். முதல் இரண்டிலும் தண்ணீர் ஓடுகிறது. மூன்றாவதில் ஒன்றுமே தெரிவதில்லை. ஆனால் பல பத்தாண்டுகளாக அங்கே நடந்தது கழுவல் அல்ல, சுரண்டல். கருப்பையின் வாயை விரித்து, முனையில் வளையம் கொண்ட உலோகக் கரண்டியை உள்ளே விட்டு, சுவரைச் சுரண்டி எடுப்பது. அரசியல் கட்டுரைகளில் 'சுரண்டல்' என்ற சொல்லை இவ்வளவு தாராளமாகப் புழங்கும் நாம், அதன் நேர்ப்பொருளில் அது நடந்த இடத்தில் மட்டும் 'சுத்தம்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இது தமிழின் குறை மட்டுமல்ல. அந்தக் கரண்டிக்கு 'க்யூரெட்' என்று பெயர். சுத்தம் செய்தல் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 1840களில் அதைக் கருப்பைக்குள் கொண்டுபோனவர் பாரிஸ் மருத்துவர் ரெக்காமியே. பாரிஸ் ஆஸ்பத்திரிகளில் உருவான மருத்துவப் பார்வையைப் பற்றி ஃபூக்கோ 1963இல் எழுதிய நூல் நம் வட்டத்தில் நிறையவே பேசப்பட்டிருக்கிறது. ரெக்காமியேவும் அந்தப் பார்வையின் பிள்ளைதான். பெண்ணின் யோனியைத் திறந்து பார்க்க உதவும் ஸ்பெக்குலத்தைத் திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். வேடிக்கை என்னவென்றால், பார்க்கும் கருவியைக் கொடுத்த அதே கைதான் பார்க்காமல் வேலை செய்யும் கருவியையும் கொடுத்தது. ஸ்பெக்குலம் கருப்பையின் வாய்வரைதான் காட்டும். அதற்கப்பால் கண் போகாது, கரண்டி மட்டும் போகும். சுவர் எங்கே முடிகிறது என்பதைக் கைக்குத் தட்டுப்படும் சொரசொரப்பை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

கருப்பையின் உள்வரி இரண்டு அடுக்கு. மேலடுக்கு மாதாமாதம் உதிர்வது. அடியடுக்கு உதிராமல் நின்று, அடுத்த மாதத்துக்கான மேலடுக்கை வளர்த்தெடுப்பது. கரண்டி அடியடுக்கையும் வழித்துவிட்டால் விதைநெல் போன மாதிரி. புண்ணான இரண்டு சுவர்களும் எதிரெதிராக ஒட்டி, நடுவில் தழும்பு இழைகள் பாலம் போடும். சில பெண்களுக்கு ஓரிடத்தில் மெல்லிய இழை. சிலருக்கு அறையே மூடிப்போகும். சூலகம் தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும், ஹார்மோன் சோதனையில் குறை தெரியாது. தூரம் மட்டும் குறையும், அல்லது நின்றுபோகும். கரு தங்காது. தங்கினாலும் நச்சுக்கொடி சுவரோடு பதிந்து, பிரசவத்தில் பிரியாமல் உயிருக்கு ஆபத்தாகலாம். பிரசவமான இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம்வரை இந்த உள்வரி மிகவும் நலிந்திருக்கும். மிச்சமிருக்கும் நச்சுக்கொடியை எடுக்கிறோம் என்று சுரண்டுவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

பிரசவத்துக்குப் பின் சுரண்டப்பட்டு மாதவிலக்கு நின்றுபோன ஒரு பெண்ணைப் பற்றி ஜெர்மன் மருத்துவர் ஃப்ரிட்ஷ் 1894லேயே எழுதிவிட்டார். பிறகு அரை நூற்றாண்டு அநேகமாக மௌனம். 1948இல், டெல் அவிவில் பணியாற்றிய ஜோசப் அஷர்மன் இப்படிப்பட்ட 29 பெண்களைப் பற்றி எழுதினார். 1950இல் எக்ஸ்ரே படங்களோடு இன்னொரு கட்டுரை. எனக்கு முக்கியமாகப் படுவது அவர் வைத்த தலைப்புகள். முதலாவது 'அமெனோரியா ட்ராமாட்டிகா', அதாவது காயத்தால் வந்த மாதவிலக்கின்மை. இரண்டாவதிலும் 'காயம்' இருக்கிறது. காயம் என்றால் ஏற்படுத்திய கை ஒன்று இருந்தாக வேண்டும். ஆனால் மருத்துவ உலகம் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. 'அஷர்மன் சிண்ட்ரோம்' என்றாக்கியது. கண்டறிந்தவருக்கு மரியாதை செய்ததாகச் சொல்லலாம். அந்த மரியாதையில் காயம் மறைந்துபோய், நோய் பெண்ணின் உடலில் தானாக முளைத்தது போலாகிவிட்டது.

எங்கள் ஊரில் ஒரு பெரியம்மா சொல்வார்: 'மூணாம் மாசத்துல கலைஞ்சுது. கழுவி விட்டாங்க. அதுக்கப்புறம் தூரமே ஆகல. மாசா மாசம் அடிவயிறு மட்டும் பிசையும்.' அவருக்கு இன்னதுதான் என்று நான் சொல்லிவிட முடியாது. உள்ளே யாரும் பார்க்கவுமில்லை. கணவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். பெரியம்மாவுக்கு 'மலடி' என்ற பெயர் நிலைத்தது. 1982இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பதிவான 1856 பெண்களைக் கணக்கெடுத்தது. பத்தில் ஒன்பது பேருக்குக் கர்ப்பத்தையொட்டிய சுரண்டலுக்குப் பிறகு வந்தது அது. (நம் நாட்டில் கருப்பைக் காசநோயும் இதே ஒட்டலைக் கொண்டுவருகிறது, அது வேறு கதை.)

மாற்று இல்லாமல் போய்விடவில்லை. 1958இல் சீன மருத்துவர்கள் காற்றை உறிஞ்சும் முறையால் கருப்பையைக் காலி செய்வதைப் பற்றி எழுதினார்கள். கரண்டியைவிடச் சுவருக்குச் சேதம் குறைவு. 1970களின் தொடக்கத்தில், டாக்டரல்லாத ஹார்வி கார்மன் வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாயைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். லாஸ் ஏஞ்சலஸில் பெண்ணியக் குழுக்கள் 1971இல் அதே வழியில் தாங்களே ஒரு கருவி செய்துகொண்டன. பங்களாதேஷ் 1979இல் கையால் இயக்கும் உறிஞ்சு சிரிஞ்சைத் தேசியத் திட்டத்தில் சேர்த்து, டாக்டரல்லாத பெண் ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. இந்தியாவில் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் வந்து, 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் யார் கலைக்கலாம், எங்கே கலைக்கலாம் என்பதையெல்லாம் பேசியது. எதைக்கொண்டு என்பதைப் பேசவில்லை. கரண்டி தன் பாட்டுக்கு இருந்தது. அது வழக்கொழிய வேண்டிய முறை என்று உலக சுகாதார நிறுவனம் 2012 வழிகாட்டியில் எழுதியது. 2022இலும் வேண்டாமென்றே எழுதவேண்டி வந்தது. ஒழிந்துபோன ஒன்றை யாரும் இரண்டு தடவை ஒழிக்கச் சொல்வதில்லை.

உறிஞ்சினால் தழும்பே வராது என்று நான் சொல்லவில்லை. திரும்பத் திரும்பச் செய்தால் எதுவும் சுவரைப் பாதிக்கும். கருச்சிதைவுக்குப் பிந்தைய ஆய்வுகளை 2014இல் தொகுத்துப் பார்த்தவர்கள், பார்த்த பெண்களில் 19 சதவீதம் பேரிடம் ஒட்டல் கண்டார்கள், பாதிக்குமேல் லேசானவை. அப்படியானால் தடுப்பு என்பது முதலில் உள்ளே போகாமலிருப்பதுதான்: ரத்தப்போக்கோ காய்ச்சலோ இல்லாதபோது காத்திருப்பது, மாத்திரையால் வெளியேறவிடுவது. போயே ஆகவேண்டுமென்றால் ஸ்கேனில் பார்த்தபடி உறிஞ்சுவது, அல்லது கருப்பைக்குள் கேமரா விட்டு ஒட்டியிருக்கும் துண்டை மட்டும் எடுப்பது. இவை பெரும்பாலும் செலவு குறைந்தவை, கடைசியைத் தவிர.

ஆனால் சமீப காலத்தில் தடுப்பு என்றால் பேச்சு வேறு பக்கம் போகிறது. அறுவைக்குப் பின் சுவர்கள் தொடாமலிருக்க பலூன், காப்பர்-டி, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, ஹயலூரானிக் அமில ஜெல். தழும்பை வெட்டியெடுத்தவர்களுக்கும் கட்டியோ தடுப்புச் சுவரோ நீக்கிக்கொண்டவர்களுக்கும் இவற்றில் ஏதாவது தேவைப்படலாம், மறுக்கவில்லை. 2017இல் நெதர்லாந்தில் நடந்த சோதனை ஒன்றில், ஏற்கனவே ஒருமுறையாவது 'டி அண்ட் சி' ஆன பெண்களில், ஜெல் இட்டவர்களுக்கு 13 சதவீதமும் இடாதவர்களுக்கு ஏறத்தாழ 31 சதவீதமும் ஒட்டல் வந்தது. நல்ல முடிவுதான். இரு தரப்பிலும் 'டி அண்ட் சி' மறுபடி நடந்தது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். செய்யாமல் விடுவதற்கு விற்கிற கம்பெனி கிடையாது. ஜெல்லுக்கு உண்டு.

நம்மூர் டிஸ்சார்ஜ் சீட்டுகளில் குழாயால் உறிஞ்சினாலும் கரண்டியால் சுரண்டினாலும் 'டி அண்ட் சி' என்றே எழுதிவிடுகிற வழக்கம் இருக்கிறது. ஐந்து வருடம் கழித்துக் குழந்தை நிற்கவில்லையென்று அந்தச் சீட்டோடு வருகிற பெண்ணிடம், அன்றைக்கு உள்ளே போனது எது என்று கேட்டால், 'கழுவி விட்டாங்க' என்பார்.